கசுங்குலாவில் ஒரே கூரை. களியக்காவிளையில் ஏன் கூடாது?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளைப் பற்றிய பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். யானைக் கூட்டங்களையும் விக்டோரியா அருவியையும் பற்றி மனம் நிறைய எழுதிய கட்டுரையாளர், ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் சென்றதை மட்டும் "எல்லையைக் கடந்தோம்" என்று சொல்லி முடித்துவிட்டார். போட்ஸ்வானாவில் ஆசிரியராகப் பணியாற்றும் என் தம்பியின் குடும்பத்தோடு அதே நிலப்பரப்பைக் காரில் சுற்றி வந்தவள் என்ற முறையிலும், இம்மாவட்டத்தில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவள் என்ற முறையிலும், கட்டுரை விட்டுவிட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். எல்லையோரத்தில் வாழும் குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு, அருவியைவிட அங்குள்ள எல்லைச் சாவடிகளில்தான் தெரிந்துகொள்ள வேண்டியவை மிகுதி என்பது என் உறுதியான எண்ணம். போட்ஸ்வானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் இடைப்பட்ட கசுங்குலாவில் இரு நாட்டு அலுவலர்களும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து சோதனையை முடிப்பதைப் போல, தமிழக-கேரள எல்லையான களியக்காவிளையிலும் இரு மாநிலங்களும் ஒரே சாவடியில் சோதிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் இறங்கி, ட்லோக்வெங் எல்லை வழியாகப் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனிக்குச் சென்றோம். அங்கிருந்து வடக்கே பிரான்சிஸ்டவுன், நாட்டா, காசானே ஆகிய ஊர்களைக் கடந்து, கசுங்குலாவில் ஜாம்பேசி ஆற்றைத் தாண்டி ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகரை அடைந்தோம். பின்னர் விக்டோரியா அருவிப் பாலத்தின் வழியே ஜிம்பாப்வேக்குள் நுழைந்து, புலவாயோ வழியாகத் தெற்கே இறங்கி, பெய்ட்பிரிட்ஜில் லிம்போபோ ஆற்றைக் கடந்து மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்தோம். நம் நாட்டைப் போலவே இந்த நான்கு நாடுகளிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால் ஓட்டுவதில் சிரமம் இல்லை. ஆனால் இரவில் ஓட்டுவதை அங்குள்ளவர்கள் விரும்புவதில்லை. போட்ஸ்வானாவின் நெடுஞ்சாலைகளில் மாடுகளும் கழுதைகளும் வந்து நிற்கும். நாட்டாவுக்கும் காசானேவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் யானைகள் எந்த நேரத்திலும் சாலையைக் கடக்கும். ஆகவே பகல் வெளிச்சத்துக்குள் எல்லையைத் தாண்டும்படி திட்டமிட்டே புறப்பட வேண்டும். பெய்ட்பிரிட்ஜ் சாவடி இரவும் பகலும் திறந்திருக்கும். அதே லிம்போபோ ஆற்றின் மேற்குப் பகுதியில் உள்ள பான்ட் டிரிஃப்ட் போன்ற சிறிய சாவடிகளோ மாலை 4 மணிக்கே மூடிவிடும். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அங்கே வண்டி செல்ல வழியில்லை, கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில் ஆட்கள் மட்டும் அக்கரை சேரலாம்.

நம் மாவட்டத்திலிருந்து அந்நாடுகளில் பணிபுரியும் உறவினரைப் பார்க்கச் செல்வோருக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி மீண்டும் அந்நாட்டுக்குள் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால், பலமுறை நுழைவதற்கான விசாவைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு நாடும் நுழையும்போது ஒரு முத்திரையும் வெளியேறும்போது ஒரு முத்திரையும் பதிப்பதால், கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கங்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். குழந்தைகளுடன் செல்வோர் தாய், தந்தை இருவரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பதும், பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கொண்டு செல்வதும் நல்லது. பிள்ளைக் கடத்தலைத் தடுக்க அப்பகுதி நாடுகள் இதில் கண்டிப்பு காட்டி வந்திருக்கின்றன. நைரோபி, அடிஸ் அபாபா போன்ற விமான நிலையங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து செல்வோரிடம் தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்கிறது. அந்த ஊசியை இந்தியாவில் அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட முடியும். போட்டு 10 நாட்கள் கழித்தே சான்று செல்லுபடியாகும். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவன ஆதலால், பழைய பயணிகள் சொல்வதைக் கேட்டுக் கிளம்பாமல் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காருக்குரிய நடைமுறை தனி. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய ஐந்து நாடுகளும், 1910-ஆம் ஆண்டில் தொடங்கி இன்றும் இயங்கிவரும் ஒரு சுங்க ஒன்றியத்தில் உள்ளன. ஆகவே இவற்றுக்குள் கார் ஓட்டிச் செல்வது ஓரளவு எளிது. அந்த ஒன்றியத்துக்கு வெளியே, ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் செல்லும்போது, வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கான அனுமதிச் சீட்டு, அந்நாட்டில் செல்லக்கூடிய மூன்றாம் நபர் காப்பீடு, சாலைக் கட்டணம், கரிமப் புகைக்கான வரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தாள் வாங்க வேண்டும். வண்டி உரிமையாளர் உடன் வராவிட்டால் அவரது ஒப்புதல் கடிதமும், கடன் நிலுவை இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை எனக்கு வியப்பளித்த ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் விபத்தில் காயமடைவோருக்கான இழப்பீட்டு நிதி, பெட்ரோல் விலையோடு சேர்த்தே திரட்டப்படுகிறது. எண்ணெய் நிரப்பும் ஒவ்வொருவரும் அந்த நிதிக்குத் தம் பங்கைச் செலுத்திவிடுகிறார்கள். காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓடும் வண்டி மோதி நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களை நம் ஊரில் பார்த்திருக்கும் எனக்கு, இந்த ஏற்பாடு நம் ஆட்சியாளர்கள் ஆராய்ந்து பார்க்கத் தக்கதாகத் தோன்றியது.

போட்ஸ்வானாவுக்குள்ளேயே, நாட்டு எல்லை எதுவும் இல்லாத இடங்களிலும் வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். கோமாரி நோயைத் தடுப்பதற்காக நாட்டின் குறுக்கே நெடுந்தொலைவுக்குக் கம்பிவேலி போட்டு, சாலை வேலியைச் சந்திக்கும் இடங்களில் கால்நடைத் துறையினர் வாயில் அமைத்திருக்கிறார்கள். பச்சை இறைச்சி இருக்கிறதா என்று குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். பயணிகள் இறங்கி மருந்தில் நனைத்த விரிப்பில் செருப்புக் காலை வைத்து நடக்க வேண்டும், காரின் சக்கரங்களும் மருந்துநீர்த் தொட்டியில் இறங்கி ஏற வேண்டும். வடக்கே காட்டெருமைகளிடம் நிலைத்திருக்கும் அந்நோய்க் கிருமி தெற்கே உள்ள பண்ணை மாடுகளுக்குப் பரவிவிட்டால், ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் அந்நாட்டின் தொழில் நின்றுபோகும். பறவைக் காய்ச்சல் காலத்தில் கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரங்களில் களியக்காவிளையில் கிருமிநாசினி தெளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே அதை ஆண்டு முழுவதும், எவருக்கும் விலக்களிக்காமல், எவரும் முணுமுணுக்காத வகையில் செய்கிறார்கள்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த கசுங்குலாவுக்கு வருகிறேன். ஜாம்பேசியுடன் சோபே ஆறு கலக்கும் இடம் அது. நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளும் அங்கே ஏறத்தாழ ஒரே புள்ளியில் நெருங்குகின்றன. போட்ஸ்வானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் பொதுவான எல்லை சுமார் 150 மீட்டர் மட்டுமே. உலகில் இரு நாடுகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய எல்லைகளில் அதுவும் ஒன்று. இந்த விந்தையான வடிவம் ஐரோப்பியர் வரைந்தது. 1890-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஜெர்மனியின் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனிக்கு (இன்றைய நமீபியா) ஜாம்பேசி ஆறு வரை வழி வேண்டும் என்று, சுமார் 450 கிலோமீட்டர் நீளத்தில் கப்ரிவி என்னும் ஒடுங்கிய நிலத்துண்டை வெட்டிக் கொடுத்தார்கள். அங்கு வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. 1970-இல், நமீபியாவையும் தன் பிடியில் வைத்திருந்த, இனஒதுக்கல் ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் பொது எல்லையே கிடையாது என்று வாதிட்டு, அங்கே ஓடிய படகுத்துறையையே எதிர்த்தது. வெள்ளையர் ஆட்சிகளால் சூழப்பட்டிருந்த போட்ஸ்வானாவுக்கு, விடுதலை பெற்ற வடநாடுகளோடு இருந்த ஒரே தரைத் தொடர்பு அந்த 150 மீட்டர்தான்.

பாலம் வரும்வரை அங்கே மிதவைப் படகுதான் துணை. ஒரு முறைக்கு ஓரிரு லாரிகளையே அது சுமக்கும். ஜாம்பியாவிலிருந்தும் காங்கோவின் கடாங்கா பகுதியிலிருந்தும் தாமிரம் ஏற்றித் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் லாரிகள் இரு கரைகளிலும் நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், வரிசையில் கிடந்தன. 2003-இல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய ஒரு லாரியால் படகு கவிழ்ந்து 18 பேர் ஆற்று வெள்ளத்தில் இறந்தனர். அதன் பிறகும் பதினொரு ஆண்டுகள் கழித்தே, 2014-இல், பாலத்தின் கட்டுமானம் தொடங்கியது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் ஜப்பானும் கடன் கொடுக்க, ஒரு கொரிய நிறுவனம் கட்டிய 923 மீட்டர் நீளப் பாலத்தை, 2021 மே 10 அன்று போட்ஸ்வானா, ஜாம்பியா ஆகிய இரு நாடுகளின் அதிபர்களும் சேர்ந்து திறந்து வைத்தனர். ஜிம்பாப்வேயின் நிலத்தைத் தொட்டுவிடாதபடி பாலம் ஆற்றின் நடுவே வளைந்து செல்கிறது. நடுவில் ரயில் பாதைக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.

பாலத்தின் அழகைவிட, அதன் இரு முனைகளிலும் உள்ள சாவடிக் கட்டடங்களே என் மனத்தில் பதிந்தன. போட்ஸ்வானாவிலிருந்து செல்பவர் தன் கரையில் எங்கும் நிற்க வேண்டியதில்லை. நேரே பாலத்தைக் கடந்து ஜாம்பியக் கரைக் கட்டடத்துக்குச் செல்கிறார். அங்கே ஒரு சாளரத்தில் போட்ஸ்வானா அலுவலர் வெளியேறும் முத்திரையை இடுகிறார். அடுத்த சாளரத்தில் ஜாம்பிய அலுவலர் நுழையும் முத்திரையை இடுகிறார். எதிர்த்திசையில் வருபவருக்கு இவை இரண்டும் போட்ஸ்வானாக் கரையில் நடக்கின்றன. ஒரு நாட்டின் அலுவலர் மற்றொரு நாட்டின் மண்ணில் அமர்ந்து தன் நாட்டுச் சட்டத்தைச் செயல்படுத்துவதற்கு இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து, சட்டமும் இயற்றியிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இத்தகைய ஒற்றைச் சாவடி முதன்முதலில் 2009-இல் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் தொடங்கியது. அதன் பயனைக் கண்டே கசுங்குலாவில் பாலத்தோடு சேர்த்து இதையும் திட்டமிட்டார்கள்.

அங்கே வரிசையில் எங்களுக்கு முன் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர், தாமிரத் தகடுகளை டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டு செல்பவர், படகுக் காலத்தைப் பற்றித் தம்பியிடம் நெடுநேரம் பேசினார். அவருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்பதுதான். காத்திருக்கும் நாளுக்கு எதுவும் இல்லை. வண்டியின் நிழலில் சமைத்து, வண்டிக்குள்ளேயே உறங்கி, சரக்குக்கும் டீசலுக்கும் தானே காவலாக இருந்த நாட்களை அவர் சினமின்றிச் சொன்னார். எல்லையில் இழக்கும் ஒவ்வொரு நாளும், கடைசியில், அவரைப் போன்றவர்களின் வீட்டுச் செலவிலிருந்தே கழிகிறது.

விக்டோரியா அருவிப் பாலத்தில் நடைமுறை வேறு. 1905-இல் கட்டி முடிக்கப்பட்ட, நீர்மட்டத்துக்கு 128 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலத்தின் ஒரு முனையில் ஜாம்பியச் சாவடியும் மறுமுனையில் ஜிம்பாப்வே சாவடியும் இருப்பதால், இரண்டிலும் தனித்தனியே இறங்கி ஏற வேண்டும். 1975 ஆகஸ்டில் ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) அரசும் விடுதலை இயக்கத்தினரும் இதே பாலத்தின் நடுவே நிறுத்தப்பட்ட ரயில் பெட்டியில் பேச்சுவார்த்தை நடத்தி, உடன்பாடு காணாமல் பிரிந்தார்கள் என்ற வரலாறு நம் வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும்.

பெய்ட்பிரிட்ஜைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் வடக்கு வாயிலாக விளங்கும் அச்சாவடியில், 2020 டிசம்பரில், கொரோனா கால ஊரடங்கும் பரிசோதனைக் கட்டுப்பாடுகளும் விடுமுறைக் கூட்டமும் ஒன்றுசேர்ந்து, வண்டிகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குத் தேங்கின. வரிசையிலேயே சிலர் உயிரிழந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஒரே பகுதியில், ஒரே வகையான சரக்குக்கு, ஓர் ஆற்றின் மேல் இரு நாடுகள் சேர்ந்து அமர்கின்றன, மற்றோர் ஆற்றின் மேல் தனித்தனியே அமர்கின்றன. அந்த வேறுபாடு ஓட்டுநர்களின் நாட்களில் தெரிகிறது.

இதைக் குமரி மாவட்டத்தோடு சேர்த்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. எல்லை இடம் மாறியதைக் கண்ட மாவட்டம் இது. திருவிதாங்கூர் காலத்தில் ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை, 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது களியக்காவிளைக்கு நகர்ந்தது. ஆப்பிரிக்க எல்லைகளைப் போல அயலார் மேசையில் வரையாமல், மக்கள் போராடி, மார்ஷல் நேசமணி போன்றவர்கள் தலைமை தாங்கிப் பெற்ற எல்லை இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே குடும்பத்தார் வாழ்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. தோவாளைப் பூவும் குளச்சல் மீனும் நாள்தோறும் அக்கோட்டைக் கடந்தே விற்பனைக்குச் செல்கின்றன.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அமரவிளையிலும் களியக்காவிளையிலும் கிடந்த லாரி வரிசை பெரிதும் குறைந்தது. ஆனால் காவல் துறை, போக்குவரத்துத் துறை, ரேஷன் அரிசிக் கடத்தலைத் தடுக்கும் உணவுப் பொருள் வழங்கல் துறை, கனிமவளத் துறை, மதுவிலக்குத் துறை, கால்நடைத் துறை ஆகியவற்றின் சோதனைகள் இரு மாநிலத்தாலும் தனித்தனியே, வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. அரிசி கடத்தப்படுவதும், அனுமதியை மீறிக் கல்லும் மணலும் செல்வதும், கேரளத்து மருத்துவக் கழிவும் கோழிக் கழிவும் நம் குளக்கரைகளில் கொட்டப்படுவதும் கண்டிப்பாகத் தடுக்கப்பட வேண்டும். அதற்காகவே சோதனை ஒரே இடத்தில், இரு மாநில அலுவலர்களும் அருகருகே அமர்ந்து, ஒருவர் பார்த்ததை மற்றவர் ஏற்கும் விதத்தில் நடக்க வேண்டும் என்கிறேன். ஒரு மாநிலம் பிடித்துத் திருப்பி அனுப்பிய கழிவு லாரி, மறுநாள் வேறு வழியில் வராதிருக்க, அதன் எண் அந்த நொடியிலேயே அடுத்த மேசைக்குத் தெரிந்தாக வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. அதன் அலைதடுப்புச் சுவருக்கு நம் மலைகளிலிருந்து கல் சென்றதைக் கண்ட இதே சாலையில், இனிச் சரக்குப் பெட்டக லாரிகளும் வரும். அவை பெருகிய பின் இடம் தேடுவதைவிட, இப்போதே இடம் ஒதுக்குவது எளிது.

இதனால் மாநில உரிமை பறிபோகும் என்று சிலர் கூறக்கூடும். கசுங்குலாவில் எந்த நாடும் தன் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. போட்ஸ்வானா அலுவலர் போட்ஸ்வானாச் சட்டத்தையும், ஜாம்பிய அலுவலர் ஜாம்பியச் சட்டத்தையும்தான் பார்க்கிறார்கள். தனித்தனி நாணயமும், தனித்தனிச் சுங்கச் சட்டமும், தனித்தனிப் படைகளும் உள்ள இரு நாடுகளுக்கு இயன்றது, ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் உள்ள இரு மாநிலங்களுக்கு இயலாது என்று நான் நம்ப மறுக்கிறேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தங்கள் செய்தியாளர் ஒருவர் தோவாளையிலிருந்து அதிகாலையில் புறப்படும் ஒரு பூ வண்டியிலும், பின்னர் ஒரு சரக்கு லாரியிலும் ஏறித் திருவனந்தபுரம் வரை சென்று, வண்டி எந்தெந்த இடத்தில், எந்தத் துறையால், எவ்வளவு நேரம் நிறுத்தப்படுகிறது என்பதைக் குறித்து வந்து வெளியிட வேண்டும். அதனருகிலேயே, களியக்காவிளையில் கூட்டுச் சாவடி அமைப்பது பற்றிக் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய இரு மாவட்ட ஆட்சியர்களின் கருத்தையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.